தையலும் தராசும்

1894ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி இரவு, பிரான்சின் ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரத் தெருவொன்றில் திறந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். கத்தி ஈரலைக் கிழித்து, குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுவரும் பெருநாளத்தைத் துளைத்துவிட்டது. நகரின் தேர்ந்த சத்திரசிகிச்சை வைத்தியர்கள் கூடியும் குருதிப் பெருக்கை நிறுத்த முடியவில்லை. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் அவர் இறந்துபோனார்.

குத்தியவர் சான்ரே கசேரியோ என்ற இருபது வயது இத்தாலியர். பேக்கரித் தொழிலாளி, அராஜகவாதி. அடுத்த சில மணித்தியாலங்களில் லியோனிலிருந்த இத்தாலியரின் கடைகளும் தேநீர்ச்சாலைகளும் அடித்து நொருக்கப்பட்டன. பிழைக்க வந்த தொழிலாளர்கள் குடும்பங்களோடு நகரைவிட்டு ஓடினார்கள். ஒருவரின் செயலுக்கு அவருடைய மொழி பேசுகிற எல்லோரும் விலை கொடுப்பது என்றால் என்னவென்று 1983 யூலைக்குப் பின் எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எனவே அதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டது அந்தத் துளையைப் பற்றி. ஒரு நாட்டின் ஜனாதிபதி, பெரிய நகரம், பெயர்பெற்ற வைத்தியர்கள். இருந்தும் ஒரு துளையைத் தைத்து மூட அன்று வழியிருக்கவில்லை. அந்நாட்களில் லியோனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஒருவரை இந்த மரணம் உலுக்கியது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர். தோலைத் தைக்கலாம், குடலைத் தைக்கலாம் என்றால் குருதிக்குழாயை ஏன் தைக்க முடியாது என்று அவர் கேட்டார். அவர் பெயர் அலெக்சி கரெல். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1912இல், அந்தத் தையலுக்காகவும் உறுப்பு மாற்று ஆய்வுகளுக்காகவும் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அதே மனிதர், சில மனிதர்களை நச்சுவாயுவால் நோவின்றி அகற்றிவிடலாம் என்று எழுதினார்.

இந்த இரண்டையும் செய்தது ஒரே கை. இதை நாம் என்ன செய்வது?

2

முதலில் அந்தத் தையலைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அது எவ்வளவு கடினமானது என்பது தெரியாமல் அதன் பெறுமதியும் தெரியாது.

இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது நாடி. திரும்பக் கொண்டுவருவது நாளம். நாடியில் ஒரு துளை விழுந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் குருதி பாய்ந்து வெளியேறும். மிகப் பழைய வழி விரலால் அழுத்துவது. அடுத்தது சூட்டுக்கோலால் சுடுவது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இராணுவத்தின் சத்திரசிகிச்சையாளர் அம்புருவாஸ் பரே, காலை வெட்டியெடுத்த இடத்தில் சூட்டுக்கோலை விட்டுவிட்டு, குழாயை நூலால் இறுக்கிக் கட்டினார். அது பெரிய கருணை. ஆனால் கட்டுவது வேறு, தைப்பது வேறு. கட்டினால் உயிர் தப்பும். கட்டுக்கு அப்பாலுள்ள உடம்புக்குக் குருதி போகாது. வேறு சிறு குழாய்கள் வழியாக ஓரளவு போனால் உறுப்பு பிழைக்கும், இல்லாவிடில் அழுகும். கட்டு என்பது ஒன்றைக் கொடுத்து மற்றதைக் காப்பது. தையல் எதையும் கொடுக்காமல் காக்க முயல்வது.

1759இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ஹலோவெல் என்ற சத்திரசிகிச்சையாளர் இந்த முயற்சியைச் செய்தார். நோய் தீர்க்கக் குருதி வடிப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படி வடிக்கையில் ஒருவரின் முழங்கை மடிப்பில் நாளத்துக்குப் பதிலாக நாடி துளைபட்டுவிட்டது. லம்பேட் என்ற இன்னொரு சத்திரசிகிச்சையாளர் சொன்ன யோசனைப்படி, துளையின் இரு உதடுகளையும் சேர்த்துச் சிறிய உருக்கு ஊசியொன்றைக் குத்தி, அதைச் சுற்றி நூலை எட்டு வடிவில் சுற்றினார்கள். குதிரை வைத்தியம் பார்க்கும் லாடக்காரர் குதிரையின் கழுத்து நாளத்தை மூடும் முறை அது. இரண்டு வாரத்தில் ஊசி விழுந்தது. கை பிழைத்தது, மணிக்கட்டில் நாடித் துடிப்பும் இருந்தது. ஆனால் பின்னர் விலங்குகளில் செய்து பார்த்தவர்களுக்கு அது கைகூடவில்லை. நூறு வருடங்களுக்கு மேலாக அந்த வழி கைவிடப்பட்டுக் கிடந்தது.

ஏன் கைகூடவில்லை? குழாயின் உட்சுவர் மிக வழுவழுப்பானது. அதில் கீறல் விழுந்தாலோ, ஒரு நூல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலோ அந்த இடத்தில் குருதி உறையும். உறைந்த கட்டி குழாயை அடைக்கும். ஊசி போன துவாரமே புதிய துளையாகிக் கசியும். கிருமி தொற்றினால் தையல் அவிழும். துளையை நீளவாட்டில் இழுத்துத் தைத்தால் குழாய் ஒடுங்கிவிடும். சிறு துளையைக் குறுக்கு வாட்டில் தைக்க வேண்டும். பெரிதாயிருந்தால் வேறோரிடத்து நாளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, கிழிந்த சட்டைக்குப் போடுவதுபோல ஒட்டுப்போட வேண்டும்.

கரெல் பிறந்த லியோன் பட்டு நெசவின் நகரம். அவருடைய தந்தையார் புடைவைத் தொழிலில் இருந்தவர். கரெல் வைத்தியசாலையில் கிடைத்த ஊசிகளையும் நூல்களையும் விட்டுவிட்டு, தையற்காரர் வாங்கும் கடையில் மிக நுண்ணிய ஊசியும் பட்டு நூலும் தேடினார். லெறூடியே என்ற அம்மையாரிடம் போய்ப் பூவேலைத் தையல் படித்தார். லியோனில் பூத்தையலுக்குப் பெயர்போன பெண் அவர். துணியைக் கசக்காமல் ஊசியை எப்படிச் செலுத்துவது, நூலை எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவரிடம் கற்றவை.

1902இல் கரெல் தமது முறையை வெளியிட்டார். வெட்டுண்ட இரு குழாய்முனைகளையும் சம தூரத்தில் மூன்று நூல்களால் பிணைத்து, அம்மூன்றையும் மெதுவாக இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகும். வளைந்த விளிம்பைத் தைப்பது கடினம். நேரான விளிம்பைத் தைப்பது இலகு. அத்துடன் ஊசி எதிர்ப்பக்கச் சுவரைக் குத்தாது. விளிம்புகளைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, உட்படை உட்படையோடு முட்டும்படி தைத்தார். நூலையும் ஊசியையும் வாசலினில் தோய்த்தெடுத்தார். விடயம் இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்யும் கைக்கு வேண்டிய பொறுமை எழுத்தில் வராது.

அவருக்கு முன்னும் பக்கத்திலும் பலர் இருந்தனர். லியோனிலேயே ஜபூலே என்பவர் 1896இல் நாடிகளைத் தைத்து இணைத்துப் பார்த்திருந்தார். அதே வருடம் சிக்காகோவில் மேர்பி என்பவர், துப்பாக்கிச் சூட்டினால் தொடை நாடி சிதைந்த மனிதர் ஒருவருக்கு அந்நாடியின் முனைகளை இணைத்து வெற்றி கண்டார். லியோனில் விரும்பிய பதவி கிடைக்காத கரெல் 1904இல் கனடாவுக்குப் புறப்பட்டார். அங்கிருந்து சிக்காகோ, 1906இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் ஆய்வுநிலையம். அவரும் ஊரைவிட்டு வந்து பெயரெடுத்தவர்தான்.

1908இல் நியூயோர்க்கில் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரின் பச்சைக் குழந்தை குருதி கசிந்து இறந்துகொண்டிருந்தது. கரெலை வீட்டுக்கு அழைத்தார்கள். தந்தையின் மணிக்கட்டு நாடியை அவர் குழந்தையின் கால் நாளத்தோடு தைத்து இணைத்தார். தந்தையின் குருதி நேராகக் குழந்தைக்குள் போனது, வெளிறிக் கிடந்த உடம்பு சிவந்தது, குழந்தை பிழைத்தது.

3

இனி அந்த மற்றப் புத்தகத்துக்கு வருவோம்.

கரெல் 1935இல் மனிதன் என்ற அறியப்படாத உயிரி பற்றி ஒரு நூல் எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்பனையானது. நவீன நாகரிகம் தகுதியற்றோரைக் காப்பாற்றித் தகுதியுள்ளோரை நலிவடையச் செய்கிறது என்பது அதில் ஓடும் எண்ணம். கொலை செய்தோர், ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தோர், குழந்தைகளைக் கடத்தியோர், ஏழைகளின் சேமிப்பைச் சூறையாடியோர், முக்கிய விடயங்களில் பொதுமக்களைத் தவறான வழியில் நடத்தியோர், இவர்களை எல்லாம் தக்க வாயு பொருத்திய சிறு நிலையங்களில் மனிதாபிமானமாகவும் சிக்கனமாகவும் முடித்துவிடலாம் என்றார். குற்றம் செய்த மனநோயாளருக்கும் இதுவே என்றார். 1936இல் வந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில், குறைபாடுடையோர் பெருகாமல் தடுக்க அந்நாட்டு அரசு எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். 1941இல் விஷி அரசு மனிதப் பிரச்சினைகளை ஆராய அவருக்கென ஒரு நிறுவனத்தையே அமைத்துக் கொடுத்தது. 1944 நவம்பர் 5ஆம் திகதி, பரிஸ் விடுவிக்கப்பட்டுச் சில வாரங்களில், எந்த நீதிமன்றத்துக்கும் முகங்கொடுக்காமல் அவர் இறந்தார்.

அந்தப் பட்டியலை நாம் இன்னொருமுறை வாசிக்க வேண்டும். அது யூதர்கள் என்று தொடங்கவில்லை. கொலைகாரர், கொள்ளைக்காரர், குழந்தை கடத்துவோர், ஏழையை ஏமாற்றுவோர் என்று தொடங்குகிறது. வாசிக்கிறவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டு போகலாம். கடைசியில் ‘பொதுமக்களைத் தவறாக நடத்தியோர்’ என்ற இடம் வரும்போது தலை பழக்கத்தில் ஆடும். அந்தச் சொற்களுக்குள் யாரையும் போடலாம் என்பது பிறகுதான் தெரியவரும்.

பிரான்சில் பல தெருக்களுக்கும் லியோனில் ஒரு மருத்துவ பீடத்துக்கும் கரெலின் பெயர் இருந்தது. தொண்ணூறுகளில், வெளிநாட்டவரைத் துரத்த வேண்டுமென்ற லு பென்னின் கட்சி கரெலைத் தமது முன்னோடியாகக் கொண்டாடத் தொடங்கியபோது பழைய கணக்குகள் கிளறப்பட்டன. 1996இல் அந்த மருத்துவ பீடத்தின் பெயர் மாற்றப்பட்டது. தெருப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. ஆனால் அந்தப் பீடத்தில் கற்பிக்கப்படும் தையல் மாறவில்லை. மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

4

இந்த இடத்தில் இருவகை வாதங்கள் வருவதுண்டு. ஒன்று: மனிதர் வேறு, வேலை வேறு. ஊசி நல்லது, புத்தகம் கெட்டது. பிரித்துப் பார்த்தால் போதும். மற்றது: இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை, ஒன்றைப் பெற்றுக்கொள்ளும்போது மற்றதற்கும் துணைபோகிறோம்.

இரண்டாவது வாதத்தோடு நாம் உடன்பட முடியாது. வீதியில் நாடி அறுந்து கிடப்பவருக்கு அந்தத் தையலை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. அத்துடன் அந்தத் தையல் கரெலின் சொத்துமல்ல. அதில் குதிரைக்கு வைத்தியம் பார்த்த பெயர் தெரியாத லாடக்காரர் இருக்கிறார். ஜபூலேயும் மேர்பியும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக லெறூடியே அம்மையார் இருக்கிறார். நோபல் பரிசு மேடையில் அவருக்கு இடமிருக்கவில்லை. ஆனால் இன்று உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் ஓடும் நூலில் அவருடைய விரல்கள் இருக்கின்றன.

ஆனால் முதலாவது வாதமும் எமக்குப் போதாது. பிரித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவதில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே விடுபடுகிறது. கைத்திறனுக்காக ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பு, யார் வாழத் தகுதியானவர் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமாக எப்படி மாறியது? கரெலின் புத்தகத்தை ஒரு சாதாரண ஆள் எழுதியிருந்தால் யார் வாசித்திருப்பார்கள்? உயிர் காத்தவர் சொல்கிறார் என்பதாலேயே வாசித்தார்கள். காப்பாற்றத் தெரிந்தவருக்குக் கழித்துவிடவும் தெரியும் என்று நம்பினார்கள். பிழை அங்கேதான் இருக்கிறது.

தையல் அந்த நம்பிக்கைக்கு நேர் எதிரானது. துளை திருடனின் காலிலும் ஒரேமாதிரித்தான் மூடப்படுகிறது, நீதவானின் காலிலும் அப்படித்தான். உட்படை உட்படையோடு முட்ட வேண்டும். அதற்கு மேல் ஊசி எதையும் விசாரிப்பதில்லை. விசாரிக்கத் தொடங்கினால் அது ஊசியல்ல, தராசு. கரெலின் கை கற்ற பாடத்தை அவருடைய தலை கற்கவில்லை என்று சொன்னால் அது மிகையல்ல.

அவர் இறந்து மூன்றரை வாரத்தில், 1944 நவம்பர் 29ஆம் திகதி, அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் நீலம் பாரித்துக்கிடந்த ஒரு சிறு குழந்தைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. குழந்தைக்குப் போதிய குருதி நுரையீரலுக்குப் போகவில்லை. கைக்குப் போகும் நாடியொன்றைத் திருப்பி நுரையீரல் நாடியோடு தைத்து இணைக்க வேண்டும். ஹெலன் ரவுசிக் என்ற குழந்தை மருத்துவர் முன்வைத்த யோசனை அது. தைத்தவர் அல்பிரட் பிளலொக். அவருடைய முதுகுக்குப் பின்னால் சிறு வாங்கொன்றில் ஏறி நின்று, எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பினத்தவர். நாய்களில் அந்தத் தையலைப் பலமுறை செய்து தேர்ந்தவர் அவரே. தச்சு வேலை பழகியவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டுப் பணமில்லாமல் போனவர். ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தபோதும் சம்பளப் பட்டியலில் துப்புரவுத் தொழிலாளி என்று பதியப்பட்டவர். 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. மனிதரைத் தரம் பிரிக்கும் எந்தத் தராசில் வைத்திருந்தாலும் அன்று விவியன் தோமஸ் கீழ்த்தட்டில்தான் இருந்திருப்பார். அவரைக் கழித்துவிட்டிருந்தால் அந்த நீலக் குழந்தைகளின் கதி என்ன?

5

இதையெல்லாம் ஓர் ஐரோப்பியக் கதையாக வாசித்துவிட்டு மூடிவைக்க எம்மால் முடியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் மின்கம்பங்களில் மனிதர்கள் கட்டிவைத்துச் சுடப்பட்டார்கள். கழுத்தில் மட்டை தொங்கியது: சமூக விரோதி, துரோகி. முதலில் கள்வர் என்றார்கள். ஊர் தலையாட்டியது. அடுத்துக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். பிறகு மாற்று இயக்கத்தவர். பிறகு கேள்வி கேட்டவர். கரெலின் பட்டியல் போன வழியிலேயே இதுவும் போனது. ‘மக்களைத் தவறாக நடத்தியோர்’ என்பதற்கு எமது மொழியிலும் சொற்கள் இருந்தன. அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? இவர்கள் எமக்காக உயிரைக் கொடுக்கிறார்கள், ஆகவே யாருடைய உயிர் வேண்டும் வேண்டாம் என்று சொல்லவும் தகுதியுள்ளவர்கள் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. தியாகம் பெரியதுதான். ஆனால் அது தராசாக முடியாது.

1987 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய இராணுவம் வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியரையும் கட்டிலில் கிடந்த நோயாளரையும் சுட்டுக்கொன்றது. 1989 செப்ரெம்பர் 21இல், யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ரஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். எந்த நாடி எங்கே ஓடுகிறது, எங்கே அழுத்தினால் குருதி நிற்கும் என்று ஒரு தலைமுறை வைத்தியருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எல்லாத் தரப்பினரும் செய்த கொலைகளை, யார் செய்தது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்காமல் எழுதியவரும் அவர். அவரிடத்தில் கையும் தலையும் ஒன்றையே சொல்லின. எம்மிடையே ஒரு மறுமொழி இருந்தது என்றால் அது இதுதான்.

கட்டுக்கும் தையலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். உயிரைக் காக்க உறுப்பை வெட்டுவது தவிர்க்கமுடியாதது என்று சிலர் அன்று நியாயம் சொன்னார்கள். வைத்தியர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட 2,471 நாடிக் காயங்களை டிபேக்கியும் சிமியோனும் 1946இல் ஆராய்ந்தனர். தைக்கப்பட்டவை 81 மட்டுமே. கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கையையோ காலையோ இழந்தனர். காயப்பட்டவர் மேசைக்கு வந்துசேரப் பல மணித்தியாலம் சென்றதும் கிருமித் தொற்றும் அதற்குக் காரணங்கள். கொரியப் போரில் காயப்பட்டோரை விரைவாகக் கொண்டுவந்து, கட்டுவதை விட்டுத் தைக்கத் தொடங்கினார்கள். உறுப்பிழந்தோர் நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்குக் குறைந்தனர். காயம் அதே காயந்தான். தவிர்க்கமுடியாதது என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது. அதற்கு நேரமும் பொறுமையும், உறுப்பை இழக்க மாட்டோம் என்ற பிடிவாதமும் தேவைப்பட்டன.

உடம்பு வேறு, சமூகம் வேறு என்பது எமக்குத் தெரியும். சமூகத்தை உடம்பாகவும் வேண்டாதவரை நோயாகவும் பேசியே கரெல் போன்றவர்கள் வழி தவறினார்கள். அதனால் இந்த ஒப்புமையை நாம் இதற்கு மேல் இழுக்கப்போவதில்லை. இனிமேல் யாராவது எம்மிடம் வந்து வெட்டித்தான் ஆகவேண்டும் என்று சொன்னால், தைத்துப் பார்த்தீர்களா என்று கேட்போம்.

6

புலம்பெயர்ந்து வந்த எம்மவரில் முதல் தலைமுறை இன்று முதுமைக்குள் நுழைந்திருக்கிறது. நீரிழிவும் இருதய நோயும் எம்மிடையே அதிகம். பரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் எமது உடம்புகளுக்குள் இந்தத் தையல் இருக்கிறது. பைபாஸ் செய்தவரின் நெஞ்சுக்குள் காலிலிருந்து எடுத்த நாளம் தைக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகம் பழுதானவரின் கையில் நாடியும் நாளமும் இணைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. 1966இல் நியூயோர்க் வைத்தியர்கள் வெளியிட்ட முறை அது. கிழமையில் மூன்று நாள் அந்த இடத்தில் இரண்டு ஊசிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன.

தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி இருதயத்தைப் படம் பிடித்தவர்களுக்கு, குழாயை எடுத்தபின் அந்தத் துளையை மூட இப்போது பல கருவிகள் உண்டு. சில கருவிகள் மாட்டின் கொலாஜினால் செய்த சிறு தக்கையை வைத்து அடைக்கும். சில தோலுக்கு வெளியிலிருந்தே உள்ளே தையல் போடும். ஆனால் இன்றும் பல வைத்தியசாலைகளில் ஒரு தாதி வந்து, கட்டிலருகே நின்று, இரண்டு மூன்று விரல்களால் அந்த இடத்தைப் பதினைந்து இருபது நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார். காலை மடக்க வேண்டாம் என்கிறார். அவர் பிலிப்பைன்சிலிருந்து வந்தவராக இருக்கலாம், போலந்திலிருந்து வந்தவராக இருக்கலாம், கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்ணாகவும் இருக்கலாம். எமது பெயரை அவருக்கு உச்சரிக்க வராது. நாம் எந்த ஊர், எந்த இயக்கத்தில் இருந்தோம், எந்தக் கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்தோம் என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. விரலை எடுத்தால் குருதி பாயும் என்பது மட்டும் தெரியும். அதனால் எடுக்காமல் நிற்கிறார்.